பனிப்புயல் நாளில் பல்கலைக்கழகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் படிக்கும், வேலை பார்க்கும் நம்மவர்களிடமிருந்து நவம்பர் பிறந்ததும் வரும் கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் அமெரிக்க நடைமுறையை ஒட்டியவை. கனடாவைப் பற்றித் தேவையான இடங்களில் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ‘இன்க்ளமென்ட் வெதர் பாலிசி’ (மோசமான வானிலைக்கான விதிமுறை) என்று சொந்தமாக ஒன்று இருக்கும். இங்கே இருப்பதற்கும் அதற்கும் முரண் வந்தால், அதில் உள்ளதுதான் செல்லும்.

முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கிறது. அப்படியும் ஏன் வகுப்பு வைக்கிறார்கள்?

எவ்வளவு பனி என்பதைவிட, அது எப்போது விழுந்தது, எந்த வேகத்தில் விழுந்தது, தள்ளுவதற்கு ஆளும் வண்டியும் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. இரவு எட்டு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு நின்றுவிட்டால், 15 சென்டிமீட்டர் பனியைக்கூட விடிவதற்குள் ஒதுக்கிவிடலாம். காலை ஏழு மணிக்கு எல்லாரும் சாலைக்கு வரும் நேரத்தில் விழும் 3 சென்டிமீட்டர் அதைவிடப் பெரிய தலைவலி.

இவை எல்லாவற்றையும்விட நிர்வாகத்துக்கு வயிற்றைக் கலக்குவது ஃப்ரீசிங் ரெயின் என்கிற உறைமழை. மேலே சற்றுச் சூடான காற்றடுக்கு, தரையையொட்டி உறைநிலைக்குக் கீழே குளிர். மழையாகவே இறங்கும் நீர், தொட்ட மாத்திரத்தில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். சில மில்லிமீட்டர் போதும், நடைபாதை, படிக்கட்டு, மின்கம்பி, மரக்கிளை எல்லாம் பனிக்கட்டிக்குள் போய்விடும். பனியைத் தள்ளலாம், இதைத் தள்ள முடியாது. 1998 ஜனவரியில் மாண்ட்ரியலையும் சுற்றுவட்டாரத்தையும் முடக்கிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரத்தை நிறுத்தியது இந்த வகை மழைதான்.

ஊருக்கு ஊர் தாங்கும் சக்தியும் வேறு. 2014-15 குளிர்காலத்தில் பாஸ்டனில் விழுந்த மொத்தப் பனி 110.6 அங்குலம், அதாவது 2.8 மீட்டர். பனியின் உயரத்தைப் பார்த்து மூடுவதென்றால் அந்த ஊர்க் கல்லூரிகள் கோடையில்தான் பாடம் நடத்த வேண்டியிருக்கும். தெற்கு மாநிலங்களில் பனிவண்டிகளே குறைவு. அங்கே 5 சென்டிமீட்டருக்கு மூடினால் சிரிக்க வேண்டியதில்லை.

முடிவை யார் எடுக்கிறார்கள்?

கையெழுத்து பல்கலைக்கழகத் தலைவருடையது, அல்லது அவர் பொறுப்பு ஒப்படைத்த புரோவோஸ்ட் (கல்விப் பணிகளின் தலைமை அதிகாரி), துணைத்தலைவர் போன்றவர்களுடையது. முடிவு உருவாவது வேறு இடத்தில்.

பொதுவாக அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு இது தொடங்கும். வளாகக் காவலர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுச் சாலைகளில் ஓட்டிப் பார்ப்பார்கள். பராமரிப்புத் துறைத் தலைவர் தன் ஆட்களிடம் மூன்றே விஷயங்களைக் கேட்பார்: வாகன நிறுத்தங்கள் எந்த நிலையில் இருக்கின்றன, சாய்தளங்களும் படிக்கட்டுகளும் எட்டு மணிக்குள் தயாராகுமா, இரவு முழுக்க ஓட்டியவர்களுக்கு மாற்று ஆள் வந்தாயிற்றா. இன்னொருவர் நகரப் பேருந்து நிறுவனத்துக்குப் போன் போடுவார். வானிலைச் சேவையின் புதிய முன்கணிப்பைப் பார்ப்பார்கள். சில பல்கலைக்கழகங்கள் காசு கொடுத்துத் தனியார் வானிலையாளரையும் வைத்திருக்கின்றன. பிறகு எல்லாரும் ஒரு தொலைபேசி அழைப்பில் கூடுவார்கள். ஐந்து, ஐந்தரைக்குள் முடிவு வந்துவிட வேண்டும். ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் இருக்கிறார்களே.

இதில் வகுப்பறை என்ற பேச்சே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வகுப்பறை எப்போதும் கதகதப்பாகத்தான் இருக்கும். முடிவெடுப்பது சாலையும் வாகன நிறுத்தமும். அதனால்தான் பெரும்பாலோர் விடுதியிலேயே தங்கிப் படிக்கும் கல்லூரி திறந்திருக்க, அதே ஊரில் எல்லாரும் காரில் வந்து போகும் கல்லூரி மூடியிருப்பதைப் பார்க்கிறோம். பள்ளிகள் மூடினால் பல்கலைக்கழகமும் மூடும் என்று எதிர்பார்ப்பதும் வீண். பள்ளிக்குப் பேருந்து ஓட வேண்டும், சிறு பிள்ளைகள் தெருமுனையில் நிற்க வேண்டும். அந்தக் கணக்கே வேறு. ஆனால் பள்ளி மூடினால் பிள்ளை வைத்திருக்கும் ஊழியர்கள் வேலைக்கு வர முடியாது என்பதால் அதையும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

முந்தின இரவே சொல்லித் தொலைத்தால் என்ன?

சில சமயம் சொல்கிறார்கள், புயல் உறுதியாகிவிட்டால். உறுதியாகாதபோது சொல்லித் தவறினால் இரண்டு பக்கமும் அடி. மூடியபின் புயல் விலகிப் போனால் ஆயிரக்கணக்கானோரின் ஆய்வகமும் தேர்வும் வீண். திறப்போம் என்று சொன்னபின் புயல் வந்தால் ஆபத்து. மழைக்கும் பனிக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடு முப்பது கிலோமீட்டர் நகர்ந்தாலே ஊரின் கதை மாறிவிடும். ஆனாலும் “இப்போதைக்கு வழக்கம்போல் இயங்குவோம், காலை ஐந்தரைக்கு மீண்டும் தெரிவிப்போம்” என்று இரவு ஒன்பது மணிக்கு ஒரு வரி அனுப்பத் தடையில்லை. அதைக்கூடச் செய்யாமல் மௌனம் காக்கும் நிர்வாகங்கள்மீதுதான் எனக்கு வருத்தம். இரவெல்லாம் அத்தனை பேரும் போனைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

‘தாமதத் திறப்பு’, ‘வகுப்புகள் ரத்து’, ‘வளாகம் மூடல்’: மூன்றும் ஒன்றா?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான். இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

“வளாகம் இன்று காலை 10 மணிக்குத் திறக்கும். 10 மணிக்கு முன் தொடங்கும் வகுப்புகள் ரத்து. அத்தியாவசியப் பணியாளர்கள் வழக்கமான நேரத்துக்கு வரவும்.”

உங்களுக்கு 11 மணி வகுப்பு என்றால் சிக்கல் இல்லை, போக வேண்டும். 8 மணி வகுப்பு என்றால் இன்று இல்லை; அது பத்து மணிக்கு நகராது. 9.30-க்குத் தொடங்கி 10.45-க்கு முடியும் வகுப்பு? இந்தச் செய்தியின்படி ரத்து. ஆனால் சில பல்கலைக்கழகங்களில், பத்து மணிக்கு எந்த வகுப்பு நடந்துகொண்டிருக்க வேண்டுமோ அந்த வகுப்பின் மீதி நேரத்துக்குப் போய் உட்கார வேண்டும் என்பது விதி. மூன்று மணி நேர ஆய்வக வகுப்புக்கு இது முக்கியம். உங்கள் இடத்தில் எது விதி என்பதை வெயில் அடிக்கிற நாளிலேயே பார்த்து வையுங்கள்.

‘வகுப்புகள் ரத்து, அலுவலகங்கள் இயங்கும்’ என்றால் மாணவர்களுக்கு விடுமுறை, ஊழியர்களுக்கு இல்லை. ‘வளாகம் மூடல்’ என்றால் வகுப்பும் இல்லை, அலுவலகமும் இல்லை. ஆனால் மூடலிலும் மூடாத பகுதிகள் உண்டு, கீழே வருகிறேன். இவை தவிர ‘முன்கூட்டியே மூடல்’ ஒன்று இருக்கிறது. நண்பகலில் அறிவித்து இரண்டு மணிக்கு எல்லாரையும் அனுப்புவது. எல்லாரும் ஒரே நேரத்தில், புயல் வலுக்கும் நேரத்தில் சாலைக்கு வருவதால், எனக்குத் தெரிந்து இருப்பதிலேயே மோசமான முடிவு இதுதான். அப்படி அறிவித்தால், விடுதிக்காரர்கள் தவிர மற்றவர்கள் முதல் அரை மணிக்குள் கிளம்பிவிடுவது நல்லது. முடியாவிட்டால் நூலகத்தில் உட்கார்ந்து நெரிசல் தணிந்தபின் போகலாம். ஆனால் நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வானிலைச் செய்தியில் வாட்ச், அட்வைசரி, வார்னிங் என்று வருகிறதே?

அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் மொழியில், வாட்ச் என்றால் வர வாய்ப்பு இருக்கிறது, தயாராக இரு. வார்னிங் என்றால் வந்துவிட்டது, அல்லது வருவது கிட்டத்தட்ட உறுதி. அட்வைசரி என்பது வார்னிங் அளவுக்கு இல்லாத, ஆனால் சிரமம் தரக்கூடிய நிலை. வாட்ச் வந்த நாளில் கடைக்குப் போங்கள். வார்னிங் வந்தபின் போகாதீர்கள்.

பிளிசார்ட், அதாவது கடும் பனிப்புயல், என்ற சொல்லை வாய்க்கு வந்தபடி பயன்படுத்துகிறோம். அதற்கு அளவு உண்டு: மணிக்கு 35 மைல் வேகக் காற்று, கால் மைலுக்குக் கீழே பார்வைத் தூரம், குறைந்தது மூன்று மணி நேரம். கனடாவில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று, 400 மீட்டர் பார்வை, நான்கு மணி நேரம். புதிதாக ஒரு துளிப் பனி விழாமல், கிடக்கும் பனியைக் காற்று வாரி அடித்தாலே பிளிசார்ட் ஆகிவிடலாம்.

பனியே இல்லை, வெறும் குளிர். அதற்கும் மூடுவார்களா?

மூடுவார்கள், அரிதாக. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆன் ஆர்பர் வளாகம் 1978 பனிப்புயலுக்குப் பிறகு 2014 ஜனவரி 28 அன்றுதான் வானிலைக்காக வகுப்புகளை ரத்து செய்தது. காரணம் குளிர். 2019 ஜனவரி இறுதியில் துருவக் காற்று இறங்கிச் சிகாகோவில் வெப்பநிலை மைனஸ் 30 செல்சியஸுக்கும் கீழே போனபோது ஆன் ஆர்பர் வளாகம் மறுபடியும் மூடியது; மத்திய மேற்கு மாநிலங்களில் வேறு பல பல்கலைக்கழகங்களும் மூடின.

இங்கே பார்க்கப்படுவது வின்ட் சில், அதாவது காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர். வெப்பநிலை மைனஸ் 18 செல்சியஸ், காற்று மணிக்கு 24 கிலோமீட்டர் என்றால் வின்ட் சில் சுமார் மைனஸ் 28. அந்த நிலையில் மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்து புண்ணாகலாம். பேருந்துக்கு இருபது நிமிடம் நிற்கும் மாணவருக்கு அரை மணி என்பது தொலைவில் இல்லை. பழைய ‘வின்ட் சில் வார்னிங்’ 2024 அக்டோபரிலிருந்து ‘எக்ஸ்ட்ரீம் கோல்ட் வார்னிங்’ என்று பெயர் மாறியிருக்கிறது. போனில் அந்தப் பெயரில்தான் வரும்.

பல்கலைக்கழகம் எந்த வழியில் தெரிவிக்கும்?

குறுஞ்செய்தி, மின்னஞ்சல், இணையதள முகப்பில் ஒரு பட்டை, பதிவு செய்த குரல் ஒலிக்கும் தொலைபேசி எண், சமூக வலைத்தளம், உள்ளூர்த் தொலைக்காட்சி. ஒன்று படுத்தால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் இத்தனை. மாற்றம் ஏதும் இல்லையென்றால் பெரும்பாலும் செய்தியே வராது. “ஒன்றும் வரவில்லையே, என்ன அர்த்தம்?” என்றால், வகுப்பு உண்டு என்று அர்த்தம்.

ஒரு சட்ட விஷயமும் இதில் இருக்கிறது. வளாகப் பாதுகாப்பு பற்றிய அமெரிக்காவின் கிளேரி சட்டம் 1990-இல் வந்தது. 2007-இல் வர்ஜீனியா டெக் வளாகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 2008-இல் அதில் திருத்தம் கொண்டுவந்து, உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் வளாகம் முழுவதற்கும் தாமதமின்றி எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். வழக்கமான பனிமூடல் அந்தக் கட்டாயத்துக்குள் வராது. ஆகவே சில இடங்களில் அவசர எச்சரிக்கைக்கு உங்கள் எண்ணைத் தாமாகவே சேர்த்திருப்பார்கள், வானிலைச் செய்திக்கு மட்டும் நீங்களாகப் போய்ப் பெட்டியில் டிக் போட வேண்டியிருக்கும். “துப்பாக்கிச் சூடு ஒத்திகைக்கு மெசேஜ் வந்தது, ஸ்னோவுக்கு வரவில்லை” என்று புலம்புகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

டிக் எல்லாம் போட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

எண்ணைப் பாருங்கள். விண்ணப்பித்தபோது கொடுத்த வெளிநாட்டு எண்ணே இன்னும் பதிவில் இருக்கலாம். வந்த முதல் வாரத்தில் வாங்கிய தற்காலிக சிம்மை மாற்றியிருப்பீர்கள். இன்னொன்று, ஒருமுறை எரிச்சலில் அந்தச் செய்திக்கு ‘ஸ்டாப்’ என்று பதில் அனுப்பியிருந்தால் அத்தோடு நின்றுவிடும். இரவில் போனை ‘டூ நாட் டிஸ்டர்ப்’ நிலையில் வைப்பவர்கள் அந்த எண்ணுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கிறது, நம்பலாமா?

தேதியைப் பாருங்கள், வளாகத்தின் பெயரைப் பாருங்கள். பல கிளைகள் உள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு வளாகம் மூடும், இன்னொன்று மூடாது. போன வருஷத்துப் படம் ஒவ்வொரு பனிக்கும் உயிர்த்தெழும். இணையதள முகப்பைத் திறந்து பார்க்கப் பத்து நொடிகூட ஆகாது.

மூடிவிட்டால் விடுதியும் சாப்பாட்டுக் கூடமும்?

விடுதி மூடாது, அங்கே ஆள் குடியிருக்கிறார்களே. உணவுக்கூடங்கள் எல்லாம் திறக்காது. நான்கில் ஒன்றிரண்டு, குறுகிய நேரத்துக்கு, குறைந்த வகைகளோடு ஓடும். அதை ஓட்டுபவர்கள் முந்தின இரவே வந்து வளாகத்தில் தூங்கியிருக்கக்கூடும். நீராவி நிலையத்து ஆட்கள், காவலர்கள், ஆய்வக விலங்குகளைப் பார்ப்பவர்கள், மருத்துவமனை இருந்தால் அதன் ஊழியர்கள், இவர்களுக்கெல்லாம் பனி விடுமுறை என்பதே கிடையாது. ‘அத்தியாவசியப் பணியாளர்’ என்றால் இவர்கள்தான். சூப் ஊற்றுகிறவரிடம் வகை குறைவு என்று சலித்துக்கொள்ளும் முன், அவர் எப்படி வந்தார் என்று யோசிக்கலாம்.

பெரிய வளாகங்கள் பல, ஒரே நிலையத்திலிருந்து நீராவியையோ வெந்நீரையோ குழாயில் அனுப்பி எல்லாக் கட்டடங்களையும் சூடாக்குகின்றன. நடப்பதற்கான சுரங்கப் பாதைகளும் சில இடங்களில் உண்டு. ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் அவை சுமார் 5 கிலோமீட்டர் நீளம். வெளியே தலைகாட்டாமலே வகுப்புக்குப் போய் வரலாம்.

ஆனால் வளாகம் தனித்தீவு இல்லை. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் மின்கட்டமைப்பு சரிந்தபோது ஆஸ்டினின் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குச் சொந்த மின்நிலையம் இருந்தது. தண்ணீரோ நகரத்திலிருந்து வர வேண்டும். நகரக் குழாய்களில் அழுத்தம் விழுந்து, ஊர் முழுக்கக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். ஆகவே அறையில் இரண்டு நாளுக்குத் தண்ணீர், சமைக்காமல் சாப்பிடக்கூடியது, மருந்து, முழு சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் இருக்கட்டும். அறைக்கு ஸ்பேஸ் ஹீட்டர் வாங்காதீர்கள், பெரும்பாலான விடுதிகளில் தடை. ஹீட்டிங் நின்றால் விடுதிப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

மணிக்கூலிக்கு வளாகத்தில் வேலை பார்க்கிறேன். மூடினால் சம்பளம்?

வேலை செய்யாத மணிக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மத்தியச் சட்டம் சொல்லவில்லை. சில பல்கலைக்கழகங்கள் தாமாகக் கொடுக்கின்றன, பல கொடுப்பதில்லை. மாணவர் வேலைக்கு அநேகமாக இல்லை. இழந்ததை அடுத்த வாரம் சேர்த்துச் செய்கிறேன் என்று ஒப்புக்கொள்ளும் முன் எஃப்-1 (மாணவர்) விசாக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி என்ற உச்சவரம்பு பனிக்காக நெகிழாது. மேலாளருக்கு அது தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திறந்திருக்கிறது என்கிறார்கள், என் வீட்டுச் சாலையோ படுமோசம். போகாவிட்டால்?

அநேகமாக எல்லாக் கொள்கைகளிலும் “உங்கள் பாதுகாப்பை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பலாம். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பேராசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: எந்த இடத்தில் இருக்கிறீர்கள், சாலை எப்படி இருக்கிறது, இன்று தர வேண்டியதை எப்போது தருவீர்கள். வகுப்பு முடிந்தபின் வரும் மின்னஞ்சல் சாக்கு மாதிரித் தெரியும், முன்பே வந்தது தகவலாகத் தெரியும்.

உள்ளாட்சி அறிவிப்பு இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். ஒஹையோ மாநிலத்தில் ஒவ்வொரு கவுன்டியிலும் (நம் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் என்கிற காவல் தலைவர் மூன்று நிலைகளில் பனி அவசரநிலை அறிவிப்பார். மூன்றாம் நிலை என்றால் அவசரப் பணியாளர் தவிர மற்றவர்களுக்குச் சாலை மூடப்பட்டுவிட்டது. மீறி ஓட்டினால் கைதுகூடச் செய்யலாம். வளாகம் இருக்கும் கவுன்டி முதல் நிலையிலும் உங்கள் வீடு இருக்கும் கவுன்டி மூன்றாம் நிலையிலும் இருக்க வாய்ப்பு உண்டு.

எல்லாவற்றையும் ஜூமுக்கு மாற்றிவிடுகிறார்களே, இனி பனி விடுமுறையே கிடையாதா?

குறைந்துவிட்டது. 2020-க்குப் பிறகு “வளாகம் மூடல், வகுப்புகள் இணையவழி” என்ற அறிவிப்பு சாதாரணமாகிவிட்டது. பாடத்திட்டம் பின்தங்காது என்பது உண்மை. ஆனால் மின்சாரம் போன வீட்டிலிருந்து ஒருவர், பள்ளி மூடியதால் மடியில் குழந்தையோடு ஒருவர், மூன்று பேர் இருக்கும் அறையில் ஒருவர் என்று நடக்கும் வகுப்பில் என்ன ஏறும் என்பது என் சந்தேகம். நேரலைக்குப் பதில் பதிவு செய்த உரையும் நீட்டித்த கெடுவும் கொடுக்கும் ஆசிரியர்கள் புத்திசாலிகள்.

தேர்வு நாளில் விழுந்தால்?

இறுதித் தேர்வுக்கு ஒதுக்கிய வாரத்தில் மாற்றுநாள் ஒன்றைச் சில பல்கலைக்கழகங்கள் முன்பே அட்டவணையில் வைத்திருக்கும். ஊருக்கு விமானம் பதிவு செய்யும்போது அந்த நாளையும் தாண்டிப் பதிவு செய்யுங்கள்.

நடைபாதையை முதலில் எங்கே சுத்தம் செய்வார்கள்?

தீயணைப்பு, ஆம்புலன்ஸ் வழிகள், விடுதியிலிருந்து உணவுக்கூடத்துக்கான பாதை, சக்கர நாற்காலிச் சாய்தளங்கள் முதலில். புல்வெளிக் குறுக்குப் பாதைகள் கடைசியில், அல்லது வசந்தத்தில். உப்புத் தூவியிருக்கிறதே என்று நம்பி விரைய வேண்டாம். சாதாரண உப்பு மைனஸ் 9 செல்சியஸுக்குக் கீழே மிக மந்தமாகத்தான் வேலை செய்யும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு கலப்பார்கள், அல்லது பிடிமானத்துக்கு மணல் தூவுவார்கள். பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்த நீர், தார் நிறத்திலேயே கிடக்கும். விழுகிறவர்கள் அதிகம் விழுவது அதில்தான், புயலுக்கு மறுநாள் காலை. பென்குவின் நடை என்று வேடிக்கையாகச் சொன்னாலும் அந்தக் குட்டை அடிதான் சரி. கையைப் பாக்கெட்டில் விடாதீர்கள். பக்கத்துச் சாய்தளம் மூடிக் கிடந்தால் பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள், அதற்கென எண் இருக்கும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு?

நகரம் ‘ஸ்னோ எமர்ஜென்சி’ அறிவித்தால் சில தெருக்களில் வண்டி நிறுத்தத் தடை. நிறுத்தினால் இழுத்துக்கொண்டு போவார்கள், அபராதமும் இழுவைக் கட்டணமும் உங்கள் தலையில். வளாக நிறுத்தங்களிலும் இரவுத் தடை இருக்கலாம். பனியில் புதைந்த வண்டியை எடுக்கும்போது முதலில் புகைக்குழாய் வாயைத் தோண்டுங்கள், பிறகு இன்ஜினை முடுக்குங்கள். குழாய் அடைபட்ட வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்து, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடில் இறந்தவர்கள் உண்டு.

வெளிநாட்டிலிருக்கும் பெற்றோர் நாங்கள். புயல் என்று செய்தியில் பார்த்தோம், பிள்ளை போன் எடுக்கவில்லை.

பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது மின்சாரம் போய் பேட்டரி தீர்ந்திருக்கும். முதலில் பல்கலைக்கழக இணையதள முகப்பைப் பாருங்கள். நிலவரம் அங்கே இருக்கும். பிறகு அறைத்தோழர். அதுவும் இல்லையென்றால் வளாகக் காவல்துறையை அழைத்து ‘வெல்னஸ் செக்’ வேண்டும் என்று கேளுங்கள். ஒருவர் போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பார். இதற்குத் தயங்க வேண்டாம், அவர்களுக்கு இது வாடிக்கையான வேலை. வெளிநாட்டிலிருந்து அவசர எண்ணான 911-ஐ அழைத்தால் அந்த ஊருக்குப் போகாது. ஆகவே வளாகக் காவல்துறையின் பத்து இலக்க எண்ணை நாட்டுக் குறியீடு 1-ஓடு சேர்த்து, பிள்ளையின் விடுதிப் பெயர், அறை எண், அறைத்தோழரின் எண் ஆகியவற்றோடு இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் வாடகை வீட்டில் இருப்பவர் என்றால் நகரக் காவல்துறையின் எண்ணும் வேண்டும். அந்த முகவரிக்கு வளாகக் காவலர்கள் போகாமல் இருக்கலாம்.